பொது நிதி யாருடைய கட்டுப்பாட்டில்? இலங்கை நெருக்கடியின் அரசியலமைப்பு வேர்

2020 ஒக்டோபர் 13ஆம் திகதி கொழும்பில் வெளியான ஒரு வர்த்தமானி அறிவித்தல், இறக்குமதிச் சீனிக்கான விசேட பண்ட வரியைக் கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைத்தது. 25 ரூபா அல்ல, 25 சதம். கடைகளில் சீனியின் விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. வாங்குபவருக்குக் கிடைக்காத அந்தச் சலுகையால் அரசு இழந்த வருமானம் 15 பில்லியன் ரூபாவுக்கு மேல் என்று பின்னர் பாராளுமன்றக் குழுவின் முன் வைக்கப்பட்ட கணக்கு காட்டியது. சலுகையால் இலாபம் பார்த்தவர் யார் என்பது குறித்து நிறையப் பேசப்பட்டது. அதற்குச் சமமாகப் பேசப்பட்டிருக்க வேண்டிய இன்னொரு விடயம் உண்டு. அந்த வரிக்குறைப்புக்கு முன்கூட்டி எந்த வாக்கெடுப்பும் நடக்கவில்லை, சட்டப்படி நடக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. 2007ஆம் ஆண்டின் விசேட பண்ட வரிச் சட்டம் நிதியமைச்சரின் ஒரு கட்டளைக்கே அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. கட்டளை உடனே நடைமுறைக்கு வரும்; பாராளுமன்றத்தின் அங்கீகாரத்தைப் பிறகு பெற்றால் போதும்.

இலங்கையின் 2022 நெருக்கடிக்கு மூன்று விளக்கங்கள் புழக்கத்தில் உள்ளன. சீனாவின் கடன்பொறி என்பது ஒன்று. ராஜபக்ச குடும்பத்தின் ஊழல் என்பது இன்னொன்று. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும் கொவிட் தொற்றும் உக்ரேன் போரும் அடுத்தடுத்து வந்த துரதிர்ஷ்டம் என்பது மூன்றாவது. பதவியில் இருந்தவர்களுக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது. முதலாவது, கணக்கைப் பார்த்தால் நிற்காது. கடன் நிறுத்தத்துக்கு முந்திய நிலையில் அரசாங்கத்தின் வெளிநாட்டுக் கடனில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டது நியூயோர்க்கிலும் லண்டனிலும் உள்ள முதலீட்டாளர்கள் வாங்கிய சர்வதேச இறைமைப் பிணைமுறிகளே. ஏனைய இரண்டிலும் உண்மை இருக்கிறது, ஆனால் அவை போதா. ஊழல் உள்ள நாடுகள் எல்லாம் வங்குரோத்து அடைவதில்லை. கொவிட்டால் சுற்றுலா வருமானத்தை இழந்த நாடுகள் எல்லாம் எரிபொருள் வரிசையில் ஆட்களைச் சாகவிடவில்லை.

இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் வேறு. இலங்கை அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதியின் மீதான முழுமையான கட்டுப்பாட்டைப் பாராளுமன்றத்திடம் ஒப்படைக்கிறது. அந்த உறுப்புரை நடைமுறையில் செத்துப்போனதுதான் நெருக்கடியின் அரசியல் வேர். இதைவிடக் கவலைக்குரியது, மீட்சி என்று சொல்லப்படும் காலத்திலும் அதற்கு உயிர் திரும்பவில்லை என்பது.

உறுப்புரையின் வாசகத்திலேயே ஒரு சாய்வு இருக்கிறது. பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் அதிகாரமின்றி எந்த அதிகாரசபையும் வரி விதிக்கக்கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. விதித்த வரியை விட்டுக்கொடுப்பதுபற்றி அந்தத் தெளிவு இல்லை. மன்னர் மக்களைக் கொள்ளையடிப்பார் என்று அஞ்சிய ஒரு மரபிலிருந்து வந்த ஏற்பாடு இது. ஆட்சியாளர் தன் ஆதரவாளர்களுக்கு வருமானத்தை அள்ளிக்கொடுத்து அரசை ஒழிப்பார் என்று அந்த மரபு எதிர்பார்க்கவில்லை. இலங்கையில் நடந்தது இந்த இரண்டாவதுதான்.

2019 நவம்பர் 16 தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச 52.25 சதவீத வாக்குகளுடன் வென்றார். இரண்டு வாரங்கள் கழிந்த கையோடு, டிசம்பர் 1ஆம் திகதி முதல், பெறுமதி சேர் வரி (வற்) 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறங்கியது. தேசக் கட்டுமான வரி ஒழிந்தது. சம்பளத்தில் கழிக்கப்பட்டுவந்த உழைக்கும்போது செலுத்தும் வரியும் 2020 ஜனவரி முதல் நீங்கியது. வற் வரிக்குப் பதிவுசெய்ய வேண்டிய வருடாந்த விற்பனை எல்லை 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியனாக ஒரே தாவலில் உயர்ந்தது. தேர்தல் மேடையில் இவை வாக்குறுதிகளாக வந்தபோதே, நாடு வங்குரோத்தாகும் என்று அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர எச்சரித்திருந்தார். தோற்கப்போகிறவரின் புலம்பல் என்றே அதை எடுத்துக்கொண்டார்கள்.

இந்த மாற்றங்கள் நடைமுறைக்கு வந்த முறையைக் கவனிக்க வேண்டும். அமைச்சரவை தீர்மானித்தது, உள்நாட்டு இறைவரித் திணைக்களம், சட்டத்தில் முறையான திருத்தம் வரும்வரை இப்படி நடந்துகொள்ளுங்கள் என்று வரி செலுத்துவோருக்கு அறிவித்தல் விடுத்தது. அந்த முறையான திருத்தச் சட்டங்கள் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2021இல். அதாவது, நாட்டின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் ஏறத்தாழ 12 சதவீதத்திலிருந்து 8 சதவீதமளவுக்குச் சரிந்து, தர நிர்ணய நிறுவனங்கள் இலங்கையைப் படிப்படியாகக் கீழே தள்ளி, சர்வதேசச் சந்தையில் கடன் வாங்கும் வாசல் மூடப்பட்ட பிறகுதான், அந்த வரிகளைக் குறைக்கலாமா என்ற கேள்வி சட்டமன்றின் முன் ஒரு சம்பிரதாயமாக வந்தது. விவாதிக்க என்ன மிஞ்சியிருந்தது?

இடைப்பட்ட 2020ஆம் ஆண்டு இன்னும் விசித்திரமானது. தேர்தல் காரணமாக 2019 இறுதியில் வரவு செலவுத் திட்டம் முன்வைக்கப்படவில்லை. நான்கு மாதங்களுக்கான இடைக்காலக் கணக்கு மட்டுமே இருந்தது. மார்ச் 2ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது, ஏப்ரலில் நடக்கவேண்டிய தேர்தல் தொற்றினால் ஓகஸ்ட் 5 வரை தள்ளிப்போனது. கலைத்த பாராளுமன்றத்தை மீண்டும் கூட்டுங்கள் என்ற கோரிக்கையை ஜனாதிபதி ஏற்கவில்லை. நூற்றாண்டின் மிகப் பெரிய பொதுச் சுகாதார நெருக்கடியின்போது, அரசின் பணம் மக்கள் பிரதிநிதி ஒருவரது கையும் உயராமல் ஜனாதிபதியின் அனுமதியில் செலவாகிக்கொண்டிருந்தது. 2020ஆம் ஆண்டுக்கான ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தை அந்த ஆண்டு நவம்பரில், செலவெல்லாம் முடிந்த கையோடு, பாராளுமன்றம் நிறைவேற்றியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் 156 வாக்குகளால் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் நிறைவேறி, ஜனாதிபதிக்கு இருந்த மிச்சசொச்சக் கடிவாளங்களும் அவிழ்ந்திருந்தன.

வருமானம் இல்லாத அரசு எதைக்கொண்டு நடந்தது? பணம் அச்சிட்டு நடந்தது. 2019 இறுதியில் மத்திய வங்கி கையில் வைத்திருந்த அரச பிணையங்கள் ஏறத்தாழ 75 பில்லியன் ரூபா. 2021 இறுதியில் அது 1,400 பில்லியனைத் தாண்டியது. அச்சிட்ட ரூபா இறக்குமதியைத் தேடி ஓடியது, டொலர் கரைந்தது. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த கையிருப்பு 2022 வசந்தத்தில் பயன்படுத்தக்கூடிய அளவில் 50 மில்லியனுக்கும் கீழே போனதாக நிதியமைச்சர் அலி சப்ரியே பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்ததும் ஒரு வர்த்தமானிதான். 2022 ஜனவரி 18ஆம் திகதி, மருந்துக்கும் சமையல் எரிவாயுவுக்கும் தட்டுப்பாடு தொடங்கிய நிலையில், 500 மில்லியன் டொலர் பிணைமுறியைப் பிணைமுறிக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்ததும் மத்திய வங்கி ஆளுநரும் திறைசேரியும் எடுத்த முடிவுதான். மூன்று மாதம் கழிவதற்குள், ஏப்ரல் 12ஆம் திகதி, அதே நாடு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்துவதாக அறிவித்தது.

2022இன் நிகழ்ச்சிகளை இங்கு விரிவாகச் சொல்லத் தேவையில்லை. மிரிஹான, காலிமுகத்திடல் போராட்டங்கள், மே 9, ஜூலை 9 எல்லாம் வாசகர் அறிந்தவை. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. உலக வங்கியின் மதிப்பீட்டில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர் ஒரே ஆண்டில் 13 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாயினர். 2021இல் நீண்ட போராட்டத்தின் பின் மலையகத் தோட்டத் தொழிலாளருக்குக் கிடைத்த ஆயிரம் ரூபா நாட்சம்பளம் அப்போது ஐந்து டொலர். ஓராண்டு கழிந்ததும் அது மூன்று டொலருக்கும் கீழே. யாரும் அவர்களுடைய சம்பளத்தைக் குறைக்கவில்லை, ஒரு தாளிலும் கையொப்பமிடவில்லை. ஆனாலும் குறைந்தது.

2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச சகோதரர்களும் முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்கள் இருவரும் மூத்த அதிகாரிகள் சிலரும் பொதுமக்கள் நம்பிக்கையை மீறினர் என்பது முடிவு. மனுதாரர்களுக்கு ஒன்றரை இலட்சம் ரூபா வழக்குச் செலவு. தீர்ப்பு வரலாற்று முக்கியத்துவமுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது தனிமனிதர்களின் பொறுப்பைத்தான் நிறுவியது. அந்த மனிதர்கள் கையில் அவ்வளவு அதிகாரம் எப்படி வந்து சேர்ந்தது என்பதை நீதிமன்றம் தீர்க்க முடியாது. அது அரசியலின் வேலை.

அரசியல் அந்த வேலையைச் செய்ததா? 2023ஆம் ஆண்டின் இரண்டு நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

முதலாவது, உள்ளூராட்சித் தேர்தல். மார்ச் 9ஆம் திகதி நடக்கவேண்டிய தேர்தலுக்கு 2023 வரவு செலவுத் திட்டத்தில் 10 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டிருந்தது. பாராளுமன்றம் வாக்களித்து ஒதுக்கிய பணம் அது. திறைசேரி அதை விடுவிக்கவில்லை; நாட்டில் காசில்லை என்றது. ஒதுக்கிய பணத்தைத் தடுக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தும் தேர்தல் நடக்கவில்லை. 2024 ஓகஸ்டில், நிதியமைச்சர் என்ற வகையில் ரணில் விக்கிரமசிங்கவும் தேர்தல்கள் ஆணைக்குழுவினரும் உள்ளிட்டோர் மக்களின் அடிப்படை உரிமையை மீறினர் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் ஒருவழியாக 2025 மே 6ஆம் திகதி நடந்தது. 2019இல் பாராளுமன்றம் விதித்த வரியை நிறைவேற்றுத்துறை தன்பாட்டில் விட்டுக்கொடுத்தது. 2023இல் பாராளுமன்றம் ஒதுக்கிய பணத்தை நிறைவேற்றுத்துறை தன்பாட்டில் பிடித்துவைத்தது. முதலாவதைச் செய்தவர்கள் பொறுப்பற்றவர்கள் என்றும் இரண்டாவதைச் செய்தவர்கள் நாட்டை மீட்டவர்கள் என்றும் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகளில் எழுதினார்கள். அரசியலமைப்பின் கண்ணில் இரண்டும் ஒரே மீறல்.

இரண்டாவது, ஊழியர் சேமலாப நிதியம். இதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அரச ஊழியருக்கு ஓய்வூதியம் உண்டு. தனியார்துறைத் தொழிலாளிக்கு, ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணுக்கு, கொழுந்து பறிப்பவருக்கு, கடைச் சிப்பந்திக்கு முக்கியமாக இருப்பது இந்த நிதியம்தான். சம்பளத்தில் 8 சதவீதம் தொழிலாளி, 12 சதவீதம் முதலாளி என்று மாதாமாதம் சேர்ந்த பணம். அப்போது நிதியத்தைப் பொறுப்பில் வைத்திருந்தது மத்திய வங்கியின் நாணயச் சபை. நிதியத்தின் பணம் பெரும்பகுதி போயிருப்பது அரசின் திறைசேரி முறிகளுக்கு. கடன் கொடுத்தவரின் பணத்தைக் காத்தவரும், கடன் வாங்கிய அரசுக்குக் கடன் திரட்டிக் கொடுத்தவரும் அன்று ஒரே நிறுவனம்.

2023 ஜூன் இறுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் திட்டம் வெளியானது. வங்கிகள் பதறாமலிருக்க, ஹஜ் பெருநாளுக்கும் பௌர்ணமி தினத்துக்கும் இடையில் வெள்ளிக்கிழமையையும் விசேட விடுமுறையாக்கி, ஐந்து நாட்கள் வங்கிகள் மூடப்பட்டன. ஜூலை 1 சனிக்கிழமை பாராளுமன்றம் கூடியது. 122 பேர் ஆதரவு, 62 பேர் எதிர்ப்பு. அன்றே முடிந்தது. தொழிலாளரின் நிதியம் தன் முறிகளைக் கொடுத்து, 2025 வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் வட்டி தரும் நீண்டகால முறிகளை வாங்க வேண்டும். மறுத்தால் அதன் வருமானத்துக்கான வரி 14 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகும். விருப்பத் தெரிவு என்றே இதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்! 2022இல் திறைசேரி உண்டியல்கள் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தபோது வாங்கிக் குவித்த தனியாரை இந்தத் திட்டம் தொடவில்லை. வணிக வங்கிகளின் திறைசேரி முறிகளையும் தொடவில்லை.

வங்கிகள் ஏற்கனவே கூடுதல் வரி கட்டுகின்றன, அவற்றின் மூலதனம் சரிந்தால் வைப்பாளரின் பணமே போகும் என்று அரசு தரப்பில் சொன்னதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. வங்கித்துறை வீழ்ந்திருந்தால் முதலில் நசுங்கியிருப்பவர்கள் சிறு வைப்பாளர்களே. ஆனால் அந்த வாதத்தை முன்வைத்து, கணக்கைக் காட்டி, மாற்றுவழிகளை எடைபோட ஒரு பாராளுமன்றத்துக்கு எத்தனை நாட்கள் வேண்டும்? ஒரு சனிக்கிழமை போதாது. நிதியத்தின் உறுப்பினர்களுக்கோ, நாணயச் சபையில் ஒரு கதிரைகூட இருக்கவில்லை.

இங்கு ஒரு நியாயமான மறுப்பு எழும். 2020இல் கோட்டாபயவின் கட்சியான பொதுஜன பெரமுனவிடம் 145 ஆசனங்கள் இருந்தன. வரிக்குறைப்பை முன்கூட்டியே வாக்கெடுப்புக்கு விட்டிருந்தாலும் அது நிறைவேறியிருக்கும். 20ஆவது திருத்தத்துக்குக் கை உயர்த்தியவர்கள் இதற்கும் உயர்த்தியிருப்பார்கள். அப்படியானால் பாராளுமன்றக் கட்டுப்பாடு எதைத் தடுத்திருக்கும்? முடிவைத் தடுத்திருக்காது என்பது சரி. ஆனால் 2019 டிசம்பரில் இருந்தது பழைய பாராளுமன்றம். அதில் கோட்டாபயவின் கட்சிக்குப் பெரும்பான்மை இல்லை. அந்தச் சபைமுன் ஒரு வரிச் சட்டமூலம் வந்திருந்தால், இழக்கப்போகும் வருமானத்துக்கு ஈடு எங்கே என்ற கேள்விக்குத் திறைசேரிச் செயலாளர் எழுத்தில் பதில் கொடுத்திருக்க வேண்டும். வரிக்குறைப்பு முழுதாகத் தப்பியிருக்காது என்றே நான் கருதுகிறேன். அமைச்சரவை தீர்மானத்தையும் திணைக்கள அறிவித்தலையும் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல.

கடன் வாங்குவதிலும் இதே கதைதான். 2007இல் முதலாவது சர்வதேசப் பிணைமுறியை, 500 மில்லியன் டொலருக்கு, மகிந்தவின் அரசு வெளியிட்டபோது, எதிர்க்கட்சியிலிருந்த ஐக்கிய தேசியக் கட்சி கடன் கொடுக்கும் வங்கிகளை எச்சரித்தது. வருங்காலத் தமது அரசு இதற்குக் கட்டுப்படாது என்றது. அதே கட்சி 2015 முதல் 2019 வரை ஆட்சியிலிருந்தபோது 10 பில்லியன் டொலருக்கு மேல் அதே பிணைமுறிகளை விற்றது. பழைய கடனை அடைக்கவே என்றார்கள். அதில் உண்மையும் இருந்தது. ஒதுக்கீட்டுச் சட்டம் ஆண்டுக்கான கடன் எல்லையை மட்டுமே சொல்லும். யாரிடம், எந்த வட்டிக்கு, எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் என்பதெல்லாம் சபைக்கு வருவதில்லை.

நெருக்கடிக்குப் பின் சட்டங்கள் வந்திருக்கின்றன. 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் அரசுக்காகப் பணம் அச்சிடுவதைத் தடுக்கிறது. 2024ஆம் ஆண்டின் பொது நிதி முகாமைத்துவச் சட்டம் வட்டி தவிர்ந்த அரச செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 சதவீதத்துக்குள் அடைக்கிறது. சர்வதேச நாணய நிதியத்துடன் 2023 மார்ச்சில் தொடங்கிய, ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் பெறுமதியான, இலங்கையின் பதினேழாவது உடன்பாட்டின் விளைவுகள் இவை. தான்தோன்றித்தனமான ஜனாதிபதியிடமிருந்து அதிகாரம் பறிக்கப்பட்டது நல்லதே. ஆனால் பறித்த அதிகாரம் பாராளுமன்றத்துக்குத் திரும்பவில்லை. ஒரு சூத்திரத்துக்கும் அதைக் கண்காணிக்கும் நிபுணர்களுக்கும் போயிற்று. 13 சதவீதத்துக்குள் பாடசாலையா பாதுகாப்பா என்று தீர்மானிக்கும் உரிமை சபைக்கு இருக்கிறதே என்பார்கள். இரண்டு இலட்சம் பேர் கொண்ட இராணுவத்தை 2030க்குள் ஒரு இலட்சமாக்குவதாக 2023 ஜனவரியில் அறிவித்ததும் பாதுகாப்பு அமைச்சுத்தான். எல்லையைக் குறைவாக வைப்பவர் வரியை யாரிடம் அறவிடுவது என்பதையும் மறைமுகமாகத் தீர்மானித்துவிடுகிறார். வற் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாகிவிட்டது. நாணய நிதியத்துக்கு வாக்குறுதி கொடுத்த சொத்து வரியோ தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது.

வடக்கு கிழக்குக்கும் இந்த வாதத்தில் நேரடிப் பங்கு உண்டு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. வெளியிணைப்பு இயந்திரத்துடன் கடலுக்குப் போகும் சிறு மீனவருக்கு, மன்னாரிலும் முல்லைத்தீவிலும், அது தொழிலை விடு என்ற அறிவித்தல். நட்டஈடு கூடவே வரவில்லை. அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவு தொடங்கியதே அடுத்த ஆண்டில்தான், அதுவும் மேன்முறையீடுகளின் குவியலோடு. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அன்றிலிருந்து மாகாணத்தின் நிதி, மக்கள் தெரிவுசெய்த ஒருவரும் இல்லாமல், ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கையொப்பத்தில் செலவாகிறது. மத்தியில் 2020இல் ஐந்து மாதங்கள் நடந்தது மாகாணத்தில் ஆண்டுக்கணக்காக நடக்கிறது. அதிகாரப் பகிர்வைக் காணி, பொலிஸ் என்ற இரண்டு சொற்களுக்குள் அடக்கிப் பேசிப் பழகிய தமிழ்க் கட்சிகள், நிதி அதிகாரத்தை அதே வேகத்தோடு கேட்டதில்லை. 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி வென்றதற்குப் பல காரணங்கள் உண்டு. அன்றாடச் செலவு பற்றிப் பேச ஆளில்லை என்ற சலிப்பும் அவற்றில் ஒன்று என்பது என் கணிப்பு.

தேசிய மக்கள் சக்தியின் தலைவர் அநுர குமார திசாநாயக்கவின் அரசு, எதிர்க்கட்சியாக இருந்தபோது கண்டித்த நாணய நிதிய இலக்குகளை அப்படியே தொடர்கிறது. பொருளாதாரம் 2024இல் ஏறத்தாழ 5 சதவீதம் வளர்ந்தது, வாகன இறக்குமதி மீண்டும் திறந்ததும் வரி வருமானம் பெருகியது, இவற்றை மறுப்பதற்கில்லை. இலக்குகளை மாற்ற அரசுக்கு வெளிநாட்டுக் கடன்காரரின் சம்மதம் வேண்டியிருக்கலாம். பொது நிதியின் மீதான கட்டுப்பாட்டைப் பாராளுமன்றத்திடம் திருப்பிக் கொடுக்க யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை. விசேட பண்ட வரிச் சட்டத்தைத் திருத்தி, வரியைக் குறைக்கும் எந்தக் கட்டளையும் சபையின் வாக்கின்றி நடைமுறைக்கு வராதென்று செய்யலாம். சேமலாப நிதியத்தை மத்திய வங்கியிடமிருந்து எடுத்து, தொழிலாளர் பிரதிநிதிகள் உட்கார்ந்திருக்கும் ஒரு சுயாதீன சபையிடம் கொடுக்கலாம். மாகாண சபைத் தேர்தலை நடத்தலாம். மூன்றுக்கும் சாதாரணச் சட்டமும் சாதாரணப் பெரும்பான்மையும் போதும். அதாவது, எல்லோரும் வாக்களித்தாலும், 225 பேர் கொண்ட சபையில் 113 வாக்குகள். இந்த அரசிடம் 159 இருக்கின்றன.